பின்னாலிருந்து ஒரு முனகல்

தாராபுரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பத்து வயதான வேன், பின்சக்கரம் இழுக்கும் வகை. வேகம் 50-ஐத் தொட்டதும் பின்பக்கமிருந்து 'ங்ங்ங்' என்று முனகல் வருகிறதாம். விருந்துச் சாப்பாட்டுக்குப் பின் படுத்த மாமனார் மாதிரி என்பது அவருடைய உவமை. ஒரு ஷெட்டில் பேரிங் என்றார்கள். இன்னொன்றில் டயர். மூன்றாவது ஷெட்டில் இருப்பதிலேயே செலவு கூடிய பதில்: கிரவுன் பினியன், அதாவது பின் அச்சின் நடுவிலுள்ள பல்சக்கர ஜோடி. கடைசியில் மகன் கைபேசியில் ஏதோ செயலியை இறக்கி, சத்தத்தைப் பதிவுசெய்து கொடுக்க, அது எத்தனை சதவீதம் உறுதி என்பதோடு சேர்த்து 'சக்கர பேரிங்' என்று தீர்ப்பு எழுதிவிட்டது. நம்பலாமா என்று கேட்கிறார்.

எந்த ஷெட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி, "என்ன மாதிரி சத்தம் சார்?" நாமும் கூச்சத்தை விட்டு வாயாலேயே செய்துகாட்டுவோம். இதனால் பாதி பயன்கூட இல்லை என்பது என் கட்சி. தேய்ந்த டயரும் உளுத்த பேரிங்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் முனகும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்தச் சத்தம் எதோடு சேர்ந்து தாளம் போடுகிறது?

கணக்கைப் பார்ப்போம். டயரின் சுற்றளவு சுமார் 1.85 மீட்டர் என்று வையுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் வினாடிக்கு 9 சுற்று சுற்றும். டயரில் ஓரிடத்தில் வீக்கம் இருந்தால் வினாடிக்கு 9 தட்டு. 'தட தட' என்று இருக்கையிலேயே தெரியும். பின்சக்கரங்களோடு சேர்ந்து சுற்றும் கிரவுன் சக்கரத்தில் 41 பல், அதை ஓட்டும் பினியனில் 8 பல் என்றால் வினாடிக்கு 41 x 9, அதாவது 369 முறை பல் பல்லோடு சேரும். ஹார்மோனியத்தில் நாலரைக் கட்டையைத் தொட்டால் வரும் சுருதி அது. அதனால்தான் பல்சக்கரக் கோளாறு முனகாது, பாடும். வேகத்தைக் கூட்டினால் சுருதியும் ஏறும். இன்னொரு அடையாளம், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் அந்தப் பாட்டு மாறிவிடும். இழுக்கும்போது பல்லின் ஒரு முகம் பாரம் தாங்குகிறது, விட்டதும் மறுமுகம். தேய்ந்தது எந்த முகமோ அதற்கேற்பப் பாட்டு நிற்கும் அல்லது தொடங்கும். (41-க்கும் 8-க்கும் பொது வகுஎண் கிடையாது. எந்தப் பல்லும் ஒரே ஜோடியோடு திரும்பத் திரும்ப மோதித் தேயக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படி வைக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷம்.)

சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு டயர் வீக்கம் ஒரு தட்டு, கிரவுன் பற்கள் 41: இரண்டும் முழு எண்கள். சக்கரம் ஒரு சுற்று முடித்தால் இவையும் கணக்கை முடித்துவிடும். பேரிங் அப்படியில்லை. நான் இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

வீடு மாற்றும்போது இரும்பு பீரோ நகர்த்தியிருக்கிறீர்களா? அடியில் நாலு குழாய்த்துண்டுகளைப் போட்டு உருட்டுவோம். கவனித்துப் பார்த்தால், பீரோ இரண்டடி நகரும்போது குழாய் ஓரடிதான் நகரும். குழாய்களை எடுத்து எடுத்து முன்னால் போடுவதற்கு ஒரு ஆள் தேவைப்படுவது இதனால்தான். இப்போது தரையை ஒரு வளையமாக வளையுங்கள், பீரோவை அதற்குள் உருளையாகச் சுருட்டுங்கள். உள்ளேயிருக்கும் பட்டுப்புடவைகள் என்னாகும் என்று கேட்காதீர்கள். குழாய்களுக்குப் பதில் இரும்புக் குண்டுகள். இனி எடுத்து முன்னால் போட ஆளே வேண்டாம், போன குண்டு தானே சுற்றி வந்துவிடும். இதுதான் பால் பேரிங். தரை என்பது அச்சு உறைக்குள் அசையாமல் உட்கார்ந்த வெளிவளையம். பீரோ என்பது சக்கரத்தோடு சுற்றும் உள்வளையம்.

வட்டமாக வளைத்ததில் ஒரு சின்ன மாற்றம் வருகிறது. உள்வட்டம் சிறியது, வெளிவட்டம் பெரியது. அதனால் குண்டுகள் பாதி வேகத்தில்கூட வருவதில்லை, சற்றுப் பின்தங்கும். சாதாரண அளவு பேரிங்கில் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் குண்டுக்கூட்டம் சுமார் 0.4 சுற்றுதான் போகும். 9 குண்டு இருந்தால், வெளிவளையத்தில் உள்ள ஒரு பள்ளத்தின் மேல் ஒரு சுற்றுக்கு 9 x 0.4, அதாவது 3.6 குண்டுகள் ஏறி இறங்கும். தரையில் ஒரு ஓடு உடைந்திருந்தால் ஒவ்வொரு குழாயும் அங்கே வரும்போது 'டக்' என்னுமே, அதேபோல. பள்ளம் உள்வளையத்தில் என்றால் 9 x 0.6, அதாவது 5.4 தட்டு. இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: சரியாக 9. குண்டுகளை எண்ணாமலேயே குண்டுகளின் எண்ணிக்கை வந்துவிட்டது!

3.6 என்பதுதான் இங்கே கைரேகை. டயரின் தட்டோ பல்லோடு பல் சேரும் பாட்டோ இப்படி ஒரு பின்னத்தைத் தர முடியாது. சக்கரம் சமத்துக்கு வரும்போது பேரிங் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தள்ளி நிற்கும், ஆவர்த்தனம் முடிந்தும் தீர்மானத்தை முடிக்காத மிருதங்கக்காரர் மாதிரி. 60-ல் வினாடிக்கு 32 தட்டு. ஒவ்வொரு தட்டும் மணியடித்ததுபோல் அச்சு, ரிம், தகரம் எல்லாவற்றையும் அதிரவைக்கிறது. அந்த அதிர்வுகளின் மொத்தத்தைத்தான் தாராபுரத்து மாமனாராக நாம் கேட்கிறோம்.

அது எந்தப் பக்கம் என்று காதை மட்டும் வைத்துச் சொல்பவரை நம்பாதீர்கள். வினாடிக்கு 32 அதிர்வு என்றால் காற்றில் ஓர் அலையின் நீளமே 10 மீட்டருக்கு மேல். வேன் மொத்தமும் அந்த அலைக்குள் அடங்கிவிடும்போது இடமா வலமா என்று காது எப்படிப் பிரிக்கும்? போதாததற்கு, அச்சு உறை என்கிற ஒரே இரும்புக் குழாய் இடப்பக்கச் சத்தத்தை வலப்பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வண்டியிடமே கேட்பதுதான் வழி. காலி மைதானத்தில் மிதமான வேகத்தில் லேசாக வலப்பக்கம் வளையுங்கள். பாரம் இடப்பக்கச் சக்கரங்களுக்குப் போகும். அப்போது முனகல் கூடினால் பெரும்பாலும் இடப்பக்க பேரிங். தார்ச் சாலையிலிருந்து சிமென்ட் சாலைக்கு ஏறியதும் சத்தம் குணம் மாறினால் டயர். இன்னும் மலிவான வழி, முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றுவது. சத்தம் முன்னால் வந்துவிட்டதா, வேறெதையும் பிரிக்காதீர்கள். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்ப்பவர்கள், ஸ்டாண்டு வைத்துவிட்டு, மறுகையைப் பட்டை ஸ்பிரிங்கில் வையுங்கள். உளுத்த பேரிங் மணல் அரைபடுவதுபோல் விரலுக்குத் தெரியும். பாரமில்லாததால் ஆரம்பக் கோளாறு அப்போது வாயைத் திறக்காமலும் இருக்கலாம்.

வரலாறு இல்லாமல் கட்டுரை வராது என்பதால் ஒரு பத்தி. வேல்ஸ் நாட்டு பிலிப் வாகன் 1794-ல் வண்டி அச்சுக்குக் குண்டு வைத்துக் காப்புரிமை வாங்கினார். குண்டுகளை ஒரே அளவில் உருண்டையாகத் தேய்க்கும் இயந்திரத்தை ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட்டில் ஃப்ரீட்ரிஷ் ஃபிஷர் 1883-ல் செய்தார். 1907-ல் ஸ்வீடனின் கோதன்பர்க்கில், ஒரு துணி மில்லில் பராமரிப்புப் பொறியாளராக இருந்த ஸ்வென் விங்குவிஸ்ட், அச்சு கோணினாலும் தாங்கும் பேரிங்கைக் கண்டுபிடித்தார். மில்லில் அடிக்கடி பேரிங் போய்க்கொண்டிருந்த எரிச்சலில் பிறந்த யோசனை. கோயம்புத்தூர்க்காரர்களுக்கு அந்த எரிச்சலை விளக்க வேண்டியதில்லை.

செயலிக்கு வருவோம். தட்டுகளை எண்ணிக் கோளாறு கண்டுபிடிப்பது பொய் வித்தை இல்லை. ஆலைகளில் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. ஆனால் அங்கே உணர்கருவி இயந்திரத்தின் மேலேயே இறுக்கப்பட்டிருக்கும். எந்த பேரிங், எத்தனை குண்டு, எத்தனை சுற்று என்பதெல்லாம் முன்பே தெரியும். சட்டைப்பையில் கிடக்கும் கைபேசிக்குக் குண்டு எண்ணிக்கையும் தெரியாது, 32 மாதிரியான அடித்தொனிகளைப் பிடிக்கும் திறமையும் குறைவு. மூன்று ஷெட்டுகளுக்கு மேல் நாலாவது ஷெட் அது, அவ்வளவுதான். சதவீதம் போட்டுச் சொல்வதால் அதற்குக் கூடுதல் ஞானம் வந்துவிடாது. கிரவுன் பினியன் இருக்கும் டிஃபரன்ஷியலில் ஒரு பாட்டில் ஊற்றினால் சத்தம் பறந்துவிடும் என்று விற்கிறார்களே, அதற்கும் இதே மரியாதைதான்.

என் வண்டியும் ஒருமுறை இப்படி முனகியது. மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் ஓட்டிய சில மாதங்களில். மெக்கானிக் மரப்பிடி ஸ்க்ரூ டிரைவரின் நுனியை அச்சு உறையில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, இரு பக்கமும் கேட்டுவிட்டு, "இடது" என்றார். கழற்றிய பேரிங்கில் கிரீஸ் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தது, உள்ளே தண்ணீர் புகுந்த அடையாளம். மண்ணெண்ணெயில் அலசியதும் வெளிவளையத்தில், வண்டியின் பாரம் எப்போதும் விழுகிற மேல்பாதியில், ஒரு பள்ளம். எள்ளளவுதான். இவ்வளவு சின்னதா இத்தனை நாள் கத்தியது என்று எனக்குச் சந்தேகம்.

நான் வெளிவளையத்தைப் பட்டறை மேசையில் அழுத்திப் பிடித்து, உள்வளையத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, மெதுவாகச் சுற்றினேன். ஐந்து சுற்று. விரலுக்கு 'டக்' என்று பட்டதையெல்லாம் எண்ணினேன். பதினெட்டு. திரும்பவும் முதலிலிருந்து ஐந்து சுற்று சுற்றினேன்.

"என்ன சார் எண்றீங்க?" என்றார் மெக்கானிக், புது பேரிங்கின் காகிதத்தைப் பிரித்தபடி. "அதுதான் போயிடுச்சே."