சாத்தானின் சவப்பெட்டி

(கொல்லையில் கட்டிய படகுகள் - 9)

போன வாரம் பார்த்த டோரி, அலையோடு மல்லுக்கட்டப் பிறந்த படகு. இந்த வாரப் படகு ஒளிந்துகொள்வதற்காகவே பிறந்தது.

அமெரிக்காவின் நியூ ஜெர்சிக் கரையில் பார்னிகாட் விரிகுடா இருக்கிறது. வெளியே நீண்ட மணல் தீவுகள் அட்லாண்டிக்கைத் தடுத்து நிற்க, உள்ளே பல இடங்களில் ஆள் நின்றால் தலை தெரியும், அவ்வளவுதான் தண்ணீர். ஓரமெங்கும் புல் மண்டிய உப்புச் சதுப்பு. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வாத்துக்கூட்டம் இங்கே இறங்கும். 1836 வாக்கில் வெஸ்ட் க்ரீக் ஊரைச் சேர்ந்த ஹேசல்டன் சீமன் தன் சொந்த வேட்டைக்கென்று ஒரு படகு கட்டினார். படகு கட்டுவதும் வாத்து சுடுவதும் இரண்டுமே அவருக்குக் கைவந்த கலை. அவர் அதற்கு வைத்த பெயர்தான் மேலே தலைப்பில் இருக்கிறது. ஊர்க்காரர்களோ ஸ்னீக்பாக்ஸ், அதாவது பதுங்கும் பெட்டி, என்றார்கள். அதுவே நின்றுவிட்டது.

நீளம் 12 அடி, அகலம் 4 அடி. மேல்தளம் முழுக்க மூடியிருக்கும். நடுவில் ஒருவர் இறங்கிப் படுக்க ஒரு திறப்பு, அதற்கு ஒரு மூடி. மேலே சதுப்புப் புல்லைப் பரப்பிவிட்டால் பறந்து வரும் வாத்துக்குத் தெரிவது இன்னொரு புல்மேடுதான். துடுப்புத் தாங்கிகள்கூட மடங்கிப் படுத்துக்கொள்ளும். தண்ணீர் உறைந்துபோனால் ஒற்றை ஆளே பனிக்கட்டிமேல் இழுத்துப்போகலாம்; அதற்காக அடியில் சறுக்குக் கட்டைகள். பறக்கும் வாத்துகளை ஏமாற்றிக் கீழே இறக்க மிதக்கவிடும் பொம்மை வாத்துகள் பின்தளத்தில் ஏறும். சின்னப் படகு, பாரம் ஆகாது என்பதால் பார்னிகாட் பொம்மைகளை சீடர் மரத்தில் உள்ளே குடைந்து செய்தார்கள். இன்று சேகரிப்பாளர்கள் அவற்றுக்குப் பெரும் விலை கொடுக்கிறார்கள் என்பது தனிக்கதை.

மூடியைச் சாத்திக்கொண்டு உள்ளேயே தூங்கலாம். நதானியேல் பிஷப் என்ற பயணி 1875 டிசம்பரில் பிட்ஸ்பர்கில் இப்படியொரு படகில் ஏறி, ஒஹாயோ, மிசிசிப்பி ஆறுகள் வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்கே போனார். வாத்து சுடக் கட்டிய பெட்டியில் 2,600 மைல்!

இதை வீட்டில் கட்ட முடியுமா? முடியும். ஆனால் வீட்டில் கட்டுபவரை இடறிவிடுவது அதன் அடிப்பகுதி. கரண்டியின் முதுகு மாதிரி அது நீளவாக்கிலும் வளையும், குறுக்கிலும் வளையும். பிளைவுட் ஒரு பக்கம் அழகாக வளைந்து கொடுக்கும். ஒரே சமயத்தில் இரு பக்கமும் வளையச் சொன்னால் விறைத்துக்கொள்ளும். எனவே சிலர் பிளைவுட் துண்டுகளைச் செம்புக் கம்பியால் தைத்து, இணைப்பில் எபாக்ஸிப் பசை பூசி, வளைவுக்குப் பதில் விளிம்பு வைத்து முடித்துவிடுகிறார்கள். சீக்கிரம் ஆகிற வேலை. நல்ல படகாகவும் இருக்கலாம். ஸ்னீக்பாக்ஸ் அல்ல என்பது என் கட்சி.

பழைய ஆசாரிகள் வெள்ளை சீடர் பலகைகளை, படகின் விலா எலும்புகளான வங்குகளின்மேல் வளைத்து அறைந்தார்கள். அந்த மரம் பக்கத்துச் சதுப்புக் காடுகளிலேயே வளர்வது; எடை குறைவு, லேசில் உளுக்காது. அந்தத் தச்சு கைவராதவருக்கு நடுவழி ஒன்று உண்டு. ஏறக்குறைய ஓரடிக்கு ஒன்றாக அச்சுகளைக் கவிழ்த்து நிறுத்தி, கால் அங்குலத் தடிமனும் முக்கால் அங்குல அகலமுமான சீடர் ரீப்பர்களை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போக வேண்டும். மெல்லிய ரீப்பர் எந்தப் பக்கமும் வளையும். பிறகு இழைப்புளி, அப்புறம் உப்புத்தாள். கண்ணை நம்பாமல் உள்ளங்கையால் தடவிப் பார்த்தால் மேடு பள்ளம் தெரிந்துவிடும். உள்ளும் புறமும் கண்ணாடி இழைத் துணி போர்த்தி எபாக்ஸி பூசினால் உடல் தயார்.

எபாக்ஸிக்குக் குளிர் ஆகாது. வேட்டைப் பருவம் நெருங்கும்போது அவசரமாகக் கொட்டகையில் இறங்குகிறவர்கள், பூசியது இறுகாமல் பிசுபிசுப்பதைப் பார்த்துத் தலையில் கை வைப்பார்கள். கோடையிலேயே முடித்துவிட வேண்டிய வேலை இது. முதல் பூச்சு இறுகியபின் மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் கட்டும். தண்ணீரில் கழுவாமல் அடுத்த பூச்சு போட்டால் பிடிக்காது. வெளி வண்ணம் காய்ந்த புல்லின் நிறத்தில் இருக்கட்டும், பளபளப்பு மட்டும் வேண்டாம். இவ்வளவு பாடுபட்டு மறைத்த படகை ஒரு மினுக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

பறவையைச் சுடும் படகுக்கு இத்தனை வக்காலத்தா என்று சில வாசகர்கள் முகம் சுளிக்கலாம். நியாயம்தான். சந்தைக்காக வண்டி வண்டியாகச் சுட்டுத்தள்ளிய காலமும் இருந்தது. 1918இல் வந்த வலசைப் பறவைச் சட்டம் அந்த வியாபாரத்துக்கு முடிவு கட்டியது. 1934இல், தபால்தலை போன்ற வாத்து முத்திரை வந்தது. முதல் முத்திரையை வரைந்தவர் ‘டிங்’ டார்லிங் என்ற கேலிச்சித்திரக்காரர். விலை 1 டாலர். இன்று 25 டாலர். நீர்ப்பறவை வேட்டைக்குப் போகும் 16 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் அதை வாங்கியே ஆக வேண்டும். அதில் டாலருக்கு 98 சென்ட், பறவைகளுக்கான ஈரநிலங்களை வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் போகிறது.