உங்களுக்குத் தெரியுமா? படுத்தே கிடந்தால் சயாட்டிகா சீக்கிரம் போய்விடாது

இடுப்பிலிருந்து பிட்டம், தொடை வழியாகப் பாதம்வரை சுரீரென்று இழுக்கும் சயாட்டிகா வலிக்குப் பெரும்பாலும் காரணம், முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு பிதுங்கி நரம்பின் வேரை உறுத்துவதுதான். பிதுங்கிய பகுதியை உடலே கரைத்துச் சுருக்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. அதற்குப் படுக்கை உதவுவதில்லை. நெதர்லாந்தில் 183 பேரிடம் நடத்தி 1999இல் வெளியான ஆய்வில், இரண்டு வாரம் படுத்திருந்தவர்களும் இயன்றவரை நடமாடியவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் தேறினார்கள். உயிர் போகிற வலியில் எப்படி நடப்பது என்று கேட்பது நியாயமே. ஓரிரு நாள் படுத்திருப்பதில் தவறில்லை, வாரக்கணக்கில் கிடப்பதுதான் வீண்.

அப்படியானால் உடனே அறுவை சிகிச்சையா? அதே நாட்டில் 283 பேரிடம் நடந்த 2007ஆம் ஆண்டு ஆய்வில், சீக்கிரம் செய்துகொண்டவர்களுக்குக் காத்திருந்தவர்களைவிடக் கால்வலி விரைவாகத் தணிந்தது உண்மை. ஆனால் ஓராண்டு முடிவில் இரு தரப்பிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் இடையில் அறுவைக்குப் போனார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. மற்றவர்களுக்கு அது தேவைப்படவில்லை. சிறுநீர், மலக் கட்டுப்பாட்டை இழந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ மட்டும் காத்திருக்கவே கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.