விசா வேண்டாம், ஆனால் அனுமதி வேண்டும்: ஸ்பெயின் பாஸ்போர்ட்டின் 'பவர்' எதுவரை?

உலகின் 'பவர்ஃபுல்' பாஸ்போர்ட் பட்டியல் வரும்போதெல்லாம் ஸ்பெயின் பெயர் மேல் வரிசையில் இருக்கும். 2024 ஜனவரியில் ஹென்லி நிறுவனம் வெளியிட்ட பட்டியலில் பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான், சிங்கப்பூருடன் சேர்ந்து முதலிடம். முன்கூட்டியே விசா எடுக்காமல் 194 இடங்களுக்குப் போகலாம் என்பது கணக்கு. பேங்க் ஸ்டேட்மென்ட், சம்பள ஸ்லிப், ஹோட்டல் புக்கிங் என்று ஃபைல் கட்டிக்கொண்டு விசா மையத்தில் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும் நமக்கு, இதைப் படித்தால் கொஞ்சம் வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்த 194-க்குள் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 'விசா தேவையில்லை' என்பது வேறு, 'எதுவுமே தேவையில்லை' என்பது வேறு. ஒரு ஸ்பெயின்காரர் கியூபா கடற்கரையில் ஒரு வாரம் ஜாலியாக இருந்துவிட்டு வந்தால், அமெரிக்காவுக்குச் சுலபமாகப் போகும் வழி அவருக்கு அடைபட்டுப்போகிறது. எப்படி?

பாஸ்போர்ட்டே வேண்டாத பயணம்

முதலில் சுலபமானதைப் பார்த்துவிடலாம். ஸ்பெயின் 1986-ல் அன்றைய ஐரோப்பிய சமூகத்தில் சேர்ந்தது. 1995 மார்ச்சில் ஷெங்கன் ஏற்பாடு அங்கே நடைமுறைக்கு வந்தது. இன்று ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாவற்றிலும், நார்வே, ஐஸ்லாந்து, லிச்சென்ஸ்டீன், சுவிட்சர்லாந்திலும் ஸ்பெயின் குடிமக்கள் 'டி.என்.ஐ' எனும் தேசிய அடையாள அட்டையோடு நுழையலாம். நம்ம ஆதார் மாதிரி பர்ஸில் வைத்துக்கொள்ளும் அட்டைதான். சுற்றிப் பார்க்க மட்டுமல்ல, வேலை தேடி அங்கேயே தங்கவும் உரிமை உண்டு. உண்மையான 'பவர்' இதுதான். 194 என்ற எண்ணில் இது தெரியாது. ஏனென்றால், இரண்டு வாரம் டூர் போகும் நாடும் வாழ்நாள் முழுக்க வேலை பார்க்கக்கூடிய நாடும் அந்தப் பட்டியலில் ஒன்றுதான்.

லண்டன் இப்போது வேறு கணக்கு

பிரிட்டனும் ஒரு காலத்தில் இதே வட்டத்துக்குள் இருந்தது. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு, 2021 அக்டோபர் முதல் பெரும்பாலான ஐரோப்பியப் பயணிகளுக்கு அடையாள அட்டை செல்லாது, பாஸ்போர்ட் வேண்டும் என்றார்கள். 2025 ஏப்ரல் 2 முதல் 'இ.டி.ஏ' என்ற முன் அனுமதியும் வேண்டும். முதலில் 10 பவுண்டாக இருந்த கட்டணம் அதே மாதம் 16 பவுண்டாக ஏறியது. மொபைல் ஆப்பிலேயே போட்டோ எடுத்து விண்ணப்பித்துவிடலாம். 2 ஆண்டுகளுக்குச் செல்லும், ஒரு முறை போனால் 6 மாதம் வரை தங்கலாம். வேலை பார்க்க மட்டும் முடியாது.

இதில் பலர் மாட்டக்கூடிய இடம் அயர்லாந்து. டப்ளின் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, அடையாள அட்டையே போதும். அங்கிருந்து பஸ் பிடித்து பெல்ஃபாஸ்ட் போனால் வழியில் யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. ஆனால் பெல்ஃபாஸ்ட் வட அயர்லாந்தில் இருக்கிறது, அதாவது பிரிட்டன். அயர்லாந்தில் குடியிருப்பவராக இல்லாவிட்டால், சட்டப்படி இ.டி.ஏ கையில் இருக்க வேண்டும்.

கியூபா போனால் அமெரிக்கா கஷ்டம்

அமெரிக்காவின் விசா விலக்குத் திட்டத்தில் ஸ்பெயின் 1991-லேயே சேர்ந்துவிட்டது. 90 நாள் வரை விசா இல்லாமல் இருக்கலாம். 2009 முதல், புறப்படும் முன் ஆன்லைனில் 'எஸ்டா' அனுமதி வாங்குவது கட்டாயம். 21 டாலராக இருந்த கட்டணம் 2025 செப்டம்பர் 30 அன்று 40 டாலராக உயர்ந்தது. மெக்சிகோவுக்குப் போகிறவர் மயாமியில் விமானம் மாறினாலும் எஸ்டா வேண்டும். 'நான் ஏர்போர்ட்டை விட்டு வெளியே வரமாட்டேனே' என்ற வாதம் அங்கே எடுபடாது.

இனிதான் சிக்கல். 2021 ஜனவரி 12 அன்று, அதிபர் டிரம்பின் முதல் பதவிக்காலம் முடிய சில நாட்களே இருந்தபோது, பயங்கரவாதத்தை ஆதரிக்கும் நாடுகளின் பட்டியலில் கியூபாவை அமெரிக்கா மீண்டும் சேர்த்தது. அந்தப் பட்டியலில் உள்ள நாட்டுக்குப் போய்வந்தவர்கள் எஸ்டாவில் வர முடியாது. அதாவது, அந்தத் தேதிக்குப் பிறகு கியூபா மண்ணை மிதித்த ஸ்பெயின்காரர், டூரிஸ்டாகவே போயிருந்தாலும், அமெரிக்கத் தூதரகத்தில் முறைப்படி விசா எடுக்க வேண்டும். கட்டணம் 185 டாலர், நேர்காணல், அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருப்பு. நமக்குப் பழகிய அதே வரிசை.

மற்ற நாட்டவரைவிட ஸ்பெயின்காரர்களுக்கு இது ஏன் அதிகம் உறைக்கிறது? 1898 வரை கியூபா ஸ்பெயினின் காலனி. மொழி ஒன்று, சொந்தபந்தம் இன்னும் இருக்கிறது. மெலியா போன்ற ஸ்பெயின் ஹோட்டல் நிறுவனங்கள் அங்கே பெரிய அளவில் இயங்குகின்றன. நாம் இலங்கைக்கோ மாலத்தீவுக்கோ லீவுக்குப் போவது போல அவர்கள் ஹவானாவுக்குப் போகிறார்கள். அந்தப் பயணத்துக்கும் தீவிரவாதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், ஒரு சம்பந்தமும் இல்லை. இது வாஷிங்டனுக்கும் ஹவானாவுக்கும் உள்ள பகை. இடையில் அடிபடுவது மூன்றாவது நாட்டின் பயணி. 2025 ஜனவரி 14 அன்று கியூபாவை நீக்குவதாக பைடன் அறிவித்தார். 20-ம் தேதி பதவியேற்ற கையோடு டிரம்ப் அதை ரத்து செய்தார்.

கியூபாவிலேயே பிறந்து வளர்ந்து ஸ்பெயின் பாஸ்போர்ட் வாங்கியவர்கள் நிலைமை இன்னும் சிக்கல். 2022-ல் வந்த ஜனநாயக நினைவுச் சட்டத்தை மக்கள் 'பேரன் பேத்தி சட்டம்' என்றே அழைக்கிறார்கள். ஸ்பெயினிலிருந்து புலம்பெயர்ந்தவர்களின் வாரிசுகள் குடியுரிமை கேட்க அது வழிசெய்தது. கியூபர்கள் பலர் இதில் விண்ணப்பித்தார்கள். ஆனால் கியூபக் குடியுரிமையும் சேர்ந்து இருப்பவருக்கு எஸ்டா கிடையாது. கையில் இருப்பது ஸ்பெயின் பாஸ்போர்ட்தான், ஆனாலும் நிற்க வேண்டியது விசா வரிசையில்.

நீ செய்தால் நானும் செய்வேன்

விசா விதிகளில் ரோஷமும் கலந்திருக்கும். மாட்ரிட்டின் பராஹாஸ் விமான நிலையத்தில் பிரேசில் நாட்டவர்கள் தொடர்ந்து திருப்பி அனுப்பப்பட்டார்கள். பொறுத்துப் பார்த்த பிரேசில், 2012 ஏப்ரல் 2 முதல் ஸ்பெயின்காரர்களிடம் அதே கேள்விகளைக் கேட்க ஆரம்பித்தது. ரிட்டர்ன் டிக்கெட் எங்கே? ஹோட்டல் புக்கிங் எங்கே? உறவினர் வீடு என்றால் அழைப்புக் கடிதம் எங்கே? நாளொன்றுக்கு 170 ரியால் செலவழிக்கப் பணம் இருக்கிறதா? சில மாதங்களில் இரு நாடுகளும் உட்கார்ந்து பேச வேண்டிய நிலை வந்தது.

எல்லா நாடும் பிரேசில் ஆகிவிட முடியாது. ஜிப்ரால்டர் நீரிணையின் குறுகலான இடத்தில் ஸ்பெயினுக்கும் மொராக்கோவுக்கும் நடுவே சுமார் 14 கிலோமீட்டர் கடல்தான். ஸ்பெயின்காரர் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு 90 நாள் மொராக்கோவில் இருக்கலாம். எதிர்த் திசையில் வரும் மொராக்கோகாரருக்கு ஷெங்கன் விசா வேண்டும். ஸ்பானிய மொழி பேசும் முன்னாள் காலனியான எக்குவடோரியல் கினியோ, ஸ்பெயின்காரர்களிடமும் விசா கேட்கிறது. அல்ஜீரியாவும் கேட்கிறது.

சீனா திறந்தது, இந்தியா?

சீனா 2023 டிசம்பர் முதல் ஸ்பெயின் உட்பட 6 நாட்டவருக்கு விசா இல்லாமல் 15 நாள் அனுமதித்தது. அடுத்த ஆண்டு நவம்பர் இறுதியில் அது 30 நாளானது. இதற்குப் பதிலாகச் சீனர்களுக்கு ஷெங்கன் விசா விலக்கு எதுவும் கிடைக்கவில்லை.

இந்தியாவுக்கு வர ஸ்பெயின்காரருக்கு விசா கட்டாயம். சுற்றுலாவுக்கு 30 நாள், ஓராண்டு, 5 ஆண்டு என இ-விசா வகைகள் உள்ளன. சென்னையில் நேராக இறங்கலாம், ஆனால் அனுமதி வந்த பிறகே விமானம் ஏற வேண்டும். பாஸ்போர்ட் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். ஸ்பெயின் நண்பர் யாராவது கல்யாணத்துக்கு வருகிறார் என்றால் ஒன்றை மட்டும் சொல்லி வையுங்கள்: இ-விசா, எஸ்டா இரண்டுக்குமே அரசுத் தளம் போலவே தோற்றமளித்து கூடுதல் பணம் பிடுங்கும் தனியார் தளங்கள் நிறைய இருக்கின்றன. கூகுளில் முதலில் வரும் விளம்பரத்தை அப்படியே க்ளிக் செய்ய வேண்டாம்.

ஸ்பெயினில் குடியேறி அந்நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்தியர்களுக்கும் இதே விதிதான். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு ஓ.சி.ஐ அட்டை வாங்கினால் விசா தொல்லை இல்லை.

பெயரில் ஒரு வம்பு

படிவம் நிரப்பும்போது ஸ்பெயின்காரர்களுக்கு வரும் தலைவலி, இனிஷியலோடு அல்லாடும் தமிழர்களுக்கு உடனே புரியும். அங்கே ஒருவருக்கு இரண்டு குடும்பப் பெயர்கள், பெரும்பாலும் அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று. மரியா கார்சியா லோபஸ் என்றால் கார்சியா என்பது நடுப்பெயர் அல்ல, குடும்பப் பெயரின் முதல் பாதி. பாஸ்போர்ட்டில் இரண்டும் இருக்கும். டிக்கெட்டில் ஒன்று மட்டும், எஸ்டாவில் கார்சியா நடுப்பெயர் என்று போய்விட்டால், செக்-இன் கவுன்டரில் சிக்கல்தான். பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எப்படி இருக்கிறதோ, படிவத்திலும் அப்படியே இருக்க வேண்டும்.