மேலே கோயில் இல்லை, சுனையும் இல்லை... அப்புறம் எதுக்கு மலை ஏறுறோம்?

சனிக்கிழமை காலை ஆறே முக்கால் மணி. ஃப்ரீமான்ட்டில், மிஷன் பீக் அடிவாரத்தில் கார் நிறுத்த இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து சீட்டில் கோயம்புத்தூரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கும் அப்பா. பின்சீட்டில் இன்னும் தூக்கம் கலையாத என் பதின்மூன்று வயது மகள்.

"ஏங்கண்ணு, மேல கோயில் ஏதாச்சும் இருக்குதா?"

"இல்லப்பா."

"சுனை?"

"அதுவும் இல்ல."

"அப்புறம் எதுக்கு ஏறுறது?"

"ஒரு கம்பம் நட்டு வெச்சிருக்காங்கப்பா. அதைப் புடிச்சிட்டு நின்னு எல்லாரும் போட்டோ எடுத்துக்குவாங்க."

அப்பா ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். அப்புறம் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தக் கேள்வி மட்டும் மலை ஏறி இறங்கிய பிறகும் என்னை விடவில்லை. உண்மையிலேயே எதுக்கு ஏறுகிறோம்?

மிஷன் பீக் ஒன்றும் பெரிய மலை இல்லை. 2,517 அடி. போக மூன்று மைல், வர மூன்று மைல். வழியில் நிழல் என்பதே கிடையாது. குளிர்காலத்தில் பச்சையாகவும் கோடையில் வைக்கோல் நிறத்திலும் கிடக்கும் புல்வெளி, நடுநடுவே மேயும் மாடுகள். இதில் ஏறும்போது "இன்னும் எவ்வளவு தூரம்டா?" என்று தமிழில் ஒரு குரல் காதில் விழாத வார இறுதியே எனக்கு இருந்ததில்லை.

நியூ ஜெர்சிக்காரர்களுக்கு டெலவேர் வாட்டர் கேப்பில் மவுன்ட் டாமனி இருக்கிறது. 1,526 அடிதான், ஆனால் ரெட் டாட் பாதையின் பாறைகள் முட்டியைப் பதம் பார்த்துவிடும். டெக்சாஸ் நண்பர்கள் பாடுதான் பாவம். ஹூஸ்டனில் மேம்பாலத்தைத் தவிர ஏறுவதற்கு ஒன்றும் கிடையாது. அவர்கள் மணிக்கணக்கில் கார் ஓட்டிப் போய் ஃப்ரெட்ரிக்ஸ்பர்க் பக்கத்தில் என்சான்டட் ராக் என்ற இளஞ்சிவப்பு கிரானைட் குன்றில் ஏறுகிறார்கள். இன்னும் ஆசை அடங்காதவர்கள் மாநிலத்தின் மேற்கு மூலைக்கே போய், 8,751 அடி உயர குவாடலூப் பீக்கைத் தொட்டுவிட்டு வருகிறார்கள்.

வாரம் முழுக்க உழைத்துவிட்டு, ஓய்வு நாளில் காசு செலவழித்துக் கஷ்டப்படுவது என்ன கணக்கு?

கணக்குக்கு அடங்காத ஆசை

இதே கேள்வியை ஒரு பொருளாதார நிபுணரும் கேட்டிருக்கிறார். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் 1999-ல் மலையேற்றம் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். மனிதன் சுகத்தைத் தேடுவான், வலியைத் தவிர்ப்பான் என்பது பொருளாதாரத்தின் பழைய பாடம். ஆனால் மலையேறிகள் எழுதிவைத்த குறிப்புகளைப் புரட்டினால் குளிர், பசி, பயம், தூக்கமின்மைதான் பக்கம் பக்கமாக இருக்கிறது. அப்படியும் திரும்பத் திரும்பப் போகிறார்கள். நாம் யார் என்று நமக்கே காட்டிக்கொள்வது, எடுத்த காரியத்தை முடிப்பது, ஒரு கலையில் தேர்ச்சி பெறுவது, வாழ்க்கைக்கு ஓர் அர்த்தம் தேடுவது ஆகியவற்றை அவர் காரணங்களாகச் சொல்கிறார். பட்ட வலியை மனசு சீக்கிரம் மறந்துவிடுகிறது என்பதும் உண்டு. பிரசவ வார்டில் "இனி ஜென்மத்துக்கும் வேண்டாம்" என்று சொன்ன எத்தனை பேர் இரண்டாவது பெற்றிருக்கிறார்கள்!

மிஹாய் சிக்சென்ட்மிஹாயி என்ற உளவியலாளர் 1970-களில் பாறை ஏறுபவர்களிடம் பேசிப் பார்த்தார். கையும் காலும் அடுத்த பிடியிலேயே இருக்கும்போது நேரம், கவலை, 'நான்' என்ற நினைப்பு எல்லாமே கரைந்துபோகும் ஒரு நிலையை அவர்கள் சொன்னார்கள். அவர் அதற்கு 'ஃப்ளோ' என்று பெயர் வைத்தார். மிஷன் பீக்கில் நமக்கு அந்த அளவுக்கு வாய்க்காது. ஆனால் கடைசி அரை மைல் கல்லும் கரடுமான ஏற்றத்தில், திங்கட்கிழமை மீட்டிங் ஞாபகத்துக்கு வராது என்பதற்கு நான் கியாரண்டி.

இதோடு, புலம்பெயர்ந்த நமக்கென்றே இன்னொரு காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. நம் வாழ்க்கையில் பாதி, வரிசையில் நிற்பதுதான். விசா, அதை நீட்டிப்பது, கிரீன் கார்டு, பிரையாரிட்டி டேட். எவ்வளவு நன்றாக வேலை பார்த்தாலும் அந்த வரிசை ஓர் அங்குலம்கூட வேகமாக நகராது. சில மாதம் பின்னாலும் போகும். ஒரு நாள் காலையில் வரும் லே-ஆஃப் மெயிலுக்கும் நம் உழைப்புக்கும் சம்பந்தமே இருக்காது. மலை அப்படி இல்லை. ஓர் அடி வைத்தால் ஓர் அடி மேலே போயிருப்போம். யாரும் அப்ரூவ் பண்ண வேண்டாம். உழைப்புக்கும் பலனுக்கும் நடுவே வேறு யாரும் நிற்காத இடம் இந்த நாட்டில் எனக்கு முதன்முதலில் கிடைத்தது மலையில்தான்.

இன்னொன்றும் உண்டு. வீட்டில் எதைக் கேட்டாலும் "ஃபைன்" என்று ஒற்றை வார்த்தையில் முடிக்கும் என் மகள், இரண்டாவது மைலில் தானாகவே பேச ஆரம்பிப்பாள். முகத்துக்கு நேராக உட்கார்ந்து கேட்டால் வராத பேச்சு, பக்கத்தில் நடக்கும்போது வருகிறது. அதுக்காகவே எத்தனை மலை வேண்டுமானாலும் ஏறலாம்.

வெள்ளைக்காரன் பொழுதுபோக்கா?

"இதெல்லாம் வெள்ளைக்காரங்க பொழப்பு" என்று சொல்பவர்கள் நம்மில் நிறைய. பொழுதுபோக்காக மலை ஏறுவதற்கென்று உலகின் முதல் சங்கமான ஆல்பைன் கிளப் 1857-ல் லண்டனில் தொடங்கியது என்பது உண்மைதான். ஆனால் அதற்கு எத்தனையோ காலம் முன்பே வெள்ளியங்கிரி, சதுரகிரி, பர்வதமலை, இலங்கையில் சிவனொளிபாதமலை என்று நம் ஆட்கள் ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அந்த வரிசையில் இன்று எவரெஸ்ட்டையும் சேர்க்கலாம். விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி 2023 மே மாதம் உச்சியைத் தொட்டு, எவரெஸ்ட் ஏறிய தமிழ்நாட்டின் முதல் பெண் ஆனார்.

என் அப்பாவே வெள்ளியங்கிரி ஏறியவர்தான். பூண்டி அடிவாரத்தில் மூங்கில் கம்பு வாங்கிக்கொண்டு, ராத்திரியே ஏற ஆரம்பித்து, விடியும்போது ஏழாவது மலையில் இருப்பார்களாம். பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை, ஆண்டி சுனை என்று வழியில் இருக்கும் ஒவ்வொன்றையும் இன்றும் வரிசையாகச் சொல்வார். அவரிடம் போய் "அது ஹாபியாப்பா?" என்று கேட்டால் கோபம்தான் வரும். "வேண்டுதல்டா அது" என்பார். ஆனால் கூட வந்தவர்கள் அடித்த ஜோக்கையும், பொரியைப் பங்கு போட்டுத் தின்றதையும், மலை மேல் அடித்த காற்றையும் அவர் சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். அந்தச் சந்தோஷத்துக்கு வேண்டுதல் என்று பெயர் வைத்தாலும் சரி, ஹைக்கிங் என்று பெயர் வைத்தாலும் சரி.

திரும்பி வரத் தெரியணும்

வித்தியாசம் ஒன்று இருக்கிறது. அது எனக்குப் புரிந்தது யோசெமிட்டியில்.

ஹாஃப் டோம் ஏறுவது பே ஏரியாவில் பலருக்கு ஒரு கனவு. 8,839 அடி. மனிதக்கால் படவே படாது என்று 1860-களில் நிலவியல் ஆய்வாளர்கள் எழுதிவிட்டுப் போன பாறை அது. 1875-ல் ஜார்ஜ் ஆண்டர்சன் துளை போட்டுப் போட்டே ஏறிக் காட்டினார். 1919 முதல் கடைசி 400 அடிக்கு இரும்புக் கம்பி வடம் கட்டியிருக்கிறார்கள். ஏறுவதற்குக் குலுக்கலில் பெர்மிட் விழ வேண்டும். எனக்கு மூன்றாவது வருஷம்தான் விழுந்தது.

அன்றைக்கு மதியம் வடத்துக்கு முன்னால் இருக்கும் சப் டோம் வரை வந்துவிட்டோம். வடம் கண்ணுக்குத் தெரிகிறது. அதற்குப் பின்னால் கருமேகமும் தெரிகிறது. மழை பெய்தால் அந்தப் பாறை சோப்பு போட்ட மாதிரி வழுக்கும். மின்னலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்றால் என்னவென்று சொல்லவே வேண்டாம். நண்பர்கள் மூவரும் திரும்பலாம் என்றார்கள். "மூணு வருஷம் காத்திருந்தேன்டா" என்று நான்தான் கத்தினேன். கடைசியில் அவர்களோடு இறங்கினேன், ஆனால் வீடு வரும்வரை ஒருவரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்று மழை பெய்யவே இல்லை. அதனால் வயிற்றெரிச்சல் இன்னும் அதிகம்.

போனில் அப்பாவிடம் புலம்பினேன். அவர் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார். "நானும் ஒருக்கா ஆறாவது மலையோட திரும்பியிருக்கேன் கண்ணு. கூட வந்தவனுக்கு நெஞ்சு அடைக்குதுன்னான். அவனைக் கைத்தாங்கலா இறக்கிட்டு வந்தோம். சாமி கீழயும்தான இருக்குது?"

வெள்ளியங்கிரியில் ஒவ்வொரு பருவத்திலும் மூச்சுத் திணறியும் மாரடைப்பிலும் உயிரிழப்புச் செய்திகள் வருகின்றன. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ, மலையேறப் போயிருந்த 20-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. அவர்களில் பலர் நம்மைப் போலவே வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு வார இறுதிக்குக் கிளம்பியவர்கள். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் 40 பாதைகளை முறைப்படுத்தி, ஆன்லைன் பதிவோடும் வழிகாட்டிகளோடும் மலையேற்றத் திட்டம் தொடங்கியது. நல்ல விஷயம். ஆனால் எந்தப் பதிவும் எந்த பெர்மிட்டும் "போதும், திரும்பு" என்று நமக்குச் சொல்லித்தராது.

அதுதான் அந்த வித்தியாசம். அப்பாவுக்கு உச்சி என்பது சாமி வீடு. இன்று முடியாவிட்டால் அடுத்த வருஷம். எனக்கு அது ஒரு டார்கெட். ஆபீஸில் கற்றுக்கொண்ட அதே புத்தியை மலைக்கும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். மலையில் கிடைக்கும் சந்தோஷம் உச்சியில் மட்டும்தான் என்றால், அதற்காக உயிரைப் பணயம் வைக்கத் தோன்றும். வழியெல்லாம் இருக்கிறது என்று தெரிந்தவனுக்கு எந்த இடத்திலும் திரும்ப முடியும்.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். உச்சிக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கும்போது, ஒரு பாறையில் உட்கார்ந்த அப்பா "எனக்கு இது போதும்" என்றார். "தாத்தா, ஜஸ்ட் கொஞ்ச தூரம்தான்!" என்று மகள் கெஞ்சினாள். அவர் தலையாட்டிவிட்டு, பையிலிருந்து பொரிக்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார். மூன்று பேரும் கீழே வளைகுடாவைப் பார்த்துக்கொண்டே தின்று முடித்தோம். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு எடுத்த போட்டோ எங்களிடம் இல்லை.

கார் ஏறியதும் அப்பா கேட்டார், "கண்ணு, அடுத்த சனிக்கிழமை எந்த மலை?"