ஆஸ்டியோபதி: முதுகுவலிக்கு உடல் முழுவதையும் பரிசோதிப்பது ஏன்?

முதுகுவலிக்காக வருபவரிடம், பல ஆண்டுகளுக்கு முன் கணுக்காலில் ஏற்பட்ட சுளுக்கைப் பற்றி ஆஸ்டியோபதி சிகிச்சையாளர் விசாரிப்பது உண்டு. வலி ஓரிடத்தில் இருக்க, கேள்வி வேறிடத்தைப் பற்றி எழுவது நோயாளிக்கு வியப்பளிக்கலாம். ஆனால், உடலைத் தனித்தனி உறுப்புகளாகப் பிரிக்காமல் ஒரே முழுமையாகக் காண்பதே இம்முறையின் அடிப்படை. இந்திய நகரங்களிலும் இச்சிகிச்சை அறிமுகமாகிவரும் நிலையில், இது எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதை அறிந்திருப்பது அவசியம்.

தோன்றிய வரலாறு

ஆஸ்டியோபதியைத் தோற்றுவித்தவர் அமெரிக்க மருத்துவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். 1864ஆம் ஆண்டு மூளைக்காய்ச்சலுக்குத் தம் குழந்தைகள் மூவரைப் பறிகொடுத்த அவர், அக்கால மருந்துகளின் மீது நம்பிக்கை இழந்தார். உடலின் கட்டமைப்பைச் சீராக்கினால், தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும் ஆற்றல் அதற்கு உண்டு என்ற கருத்தை 1874இல் முன்வைத்தார். 1892இல் மிசோரி மாகாணத்தின் கிர்க்ஸ்வில் நகரில் முதல் ஆஸ்டியோபதி கல்லூரியைத் தொடங்கினார்.

உடல் ஒரு முழுமை. தன்னைச் சீராக்கிக்கொள்ளும் திறன் அதற்கு உண்டு. கட்டமைப்பும் செயல்பாடும் ஒன்றையொன்று சார்ந்தவை. சிகிச்சை இம்மூன்றின் அடிப்படையிலேயே அமைய வேண்டும் என்பன இதன் நான்கு கோட்பாடுகள்.

சிகிச்சை எவ்வாறு நடைபெறுகிறது?

நோயாளி நிற்கும் விதம், நடை, மூச்சு விடும் முறை, மூட்டுகள் அசையும் அளவு ஆகியவற்றைச் சிகிச்சையாளர் முதலில் கவனிக்கிறார். கணுக்கால் இறுகியிருப்பவர் தம்மை அறியாமலேயே நடையை மாற்றிக்கொள்வார். அதன் சுமை முழங்காலையும் இடுப்பையும் கடந்து கீழ்முதுகைச் சென்றடையக்கூடும் என்பது இம்முறையின் பார்வை. தசைகளை அழுத்தித் தளர்த்துதல், மூட்டுகளை மெதுவாக அசைத்தல், சிகிச்சையாளரின் கைக்கு எதிராக நோயாளியைத் தள்ளச் செய்தல் போன்றவை முக்கிய உத்திகள். சில வேளைகளில் மூட்டுக்கு விரைவான சிறு உந்துதல் தரப்படும். அப்போது கேட்கும் ‘சடக்’ என்ற ஒலி, விலகிய எலும்பு மீண்டும் பொருந்துவதால் எழுவதன்று. மூட்டுத் திரவத்தில் வாயுக்குமிழி உண்டாவதோடு தொடர்புடையது.

ஒரே பெயர், இரு பொருள்

அமெரிக்காவில் ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம் பெற்றவர்கள் முழுத் தகுதி பெற்ற மருத்துவர்கள். மருந்து எழுதவும் அறுவை சிகிச்சை செய்யவும் அவர்களுக்கு உரிமை உண்டு. பிரிட்டனிலோ இது பெரும்பாலும் கைகளால் அளிக்கப்படும் சிகிச்சை. அங்கு 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு செய்துகொண்டவர் மட்டுமே தம்மை ‘ஆஸ்டியோபாத்’ என்று அழைத்துக்கொள்ள முடியும். உலக சுகாதார அமைப்பு 2010இல் இதற்கான பயிற்சித் தரநிலைகளை வெளியிட்டது.

இந்தியாவில் ஆஸ்டியோபதிக்கெனத் தனிச் சட்டம் இல்லை. ஒடிசாவில் உள்ள ஸ்ரீ ஸ்ரீ பல்கலைக்கழகம் இதற்கான படிப்புகளை நடத்துகிறது. இயன்முறை மருத்துவர்கள் சிலரும் கூடுதல் பயிற்சி பெற்று இச்சிகிச்சையை அளிக்கின்றனர். எனவே, சிகிச்சை அளிப்பவரின் அடிப்படைக் கல்வித் தகுதி என்ன, எங்குப் பதிவு செய்துள்ளார் என்று கேட்டறிவது நோயாளியின் பொறுப்பாகிறது. இதனை எலும்பியல் மருத்துவத்துடனும், எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் நாட்டு வைத்தியத்துடனும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஆய்வுகள் கூறுவது

கீழ்முதுகுவலிக்கே இச்சிகிச்சையின் பயன் குறித்து ஓரளவு ஆதாரம் உள்ளது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், உடற்பயிற்சியுடன் சேர்ந்த சிகிச்சையின் ஒரு பகுதியாக மட்டுமே கைவழிச் சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் எனக் கூறியுள்ளது. பிரான்சில் 400 பேரிடம் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வில், உண்மையான சிகிச்சைக்கும் பாவனைச் சிகிச்சைக்கும் இடையிலான வேறுபாடு மிகச் சிறிதாகவே இருந்தது. மண்டையோட்டை மென்மையாகத் தொட்டு நோய் தீர்ப்பதாகக் கூறும் ‘கிரேனியல்’ முறைக்கு வலுவான ஆதாரம் இல்லை. நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், புற்றுநோய் போன்றவற்றுக்கு வழக்கமான சிகிச்சையை நிறுத்திவிட்டு இதனை நாடுவது ஆபத்தானது.

எப்போது தவிர்க்க வேண்டும்?

எலும்பு முறிவு, கடுமையான எலும்புத் தேய்மானம், எலும்பில் புற்றுநோய் ஆகியவை உள்ளவர்களுக்கு விசையுடன் கூடிய உத்திகள் கூடாது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவர்கள் அதனை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். கழுத்தை வேகமாகத் திருப்பும் சிகிச்சைக்குப் பின் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் ஏற்பட்ட நிகழ்வுகள், அரிதாயினும், பதிவாகியுள்ளன.

முதுகுவலியுடன் காய்ச்சல், காரணமற்ற எடைக்குறைவு, கால்களில் பலவீனம் ஆகியவை இருந்தால் முதலில் மருத்துவரையே அணுக வேண்டும். தொடைகளுக்கு இடைப்பட்ட பகுதி மரத்துப்போவதும், சிறுநீர் அல்லது மலத்தை அடக்க இயலாமையும் தண்டுவட நரம்புகள் நசுங்குவதன் அறிகுறிகளாக இருக்கலாம். அந்நிலையில் சில மணிநேரத் தாமதமும் நிரந்தர பாதிப்பை ஏற்படுத்தக்கூடும் என்பதால், உடனடியாக மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.