ஓடைக்கரையில் ஒரு கட்டிங் மாஸ்டர்

சியோல் நாட்கள் – 6

சியோலைச் சுற்றிப் பார்க்க எங்களுக்கு வாய்த்தது ஒரே ஒரு முழு நாள். அரண்மனை பார்க்கலாம் என்று நான் நினைத்திருந்தேன். வீட்டுக்காரர் வேறு சொன்னார்: "அம்மிணி, துணிச் சந்தை எங்கிருக்குதுன்னு கேளு. அரண்மனையை அப்பறம் பாத்துக்கலாம்." திருப்பூர் பனியன் கம்பெனிகளில் முப்பது வருடம் கட்டிங் மாஸ்டராக நின்றவர். எந்த ஊருக்குப் போனாலும் அவர் கை முதலில் துணியைத்தான் தேடும்.

சொங்கெச்சொன் ஓடையைப் பிடித்துக் கிழக்கே நடந்தால் சந்தை வரும் என்றார்கள். சாலையிலிருந்து படி இறங்கியதும் மேலே ஓடும் வண்டிச் சத்தம் தணிந்து தண்ணீர்ச் சத்தம் கேட்டது. இரு கரையிலும் நடைபாதை, புல், தாண்டிப் போகக் கற்கள். 1958இல் இந்த ஓடையைக் கான்கிரீட் போட்டு மூடத் தொடங்கினார்கள். பிறகு அதன் தலைமேல் ஒரு மேம்பாலச் சாலை. 2003இல் பாலத்தை இடித்து, 2005 அக்டோபரில் ஓடையைத் திறந்துவிட்டார்கள், ஏறக்குறைய 6 கிலோமீட்டருக்கு. ஓடுகிற தண்ணீரில் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து மோட்டார் வைத்து இறைப்பது. அதைக் குறை சொல்கிறவர்கள் அந்த ஊரிலேயே உண்டு. நொய்யல் ஆற்றைச் சாயத் தண்ணீருக்குப் பறிகொடுத்த ஊர்க்காரி நான். எனக்கு அது குறையாகப் படவில்லை.

1905இல் தொடங்கிய குவாங்ஜாங் சந்தையில் பசியாறினோம். பச்சைப் பயறைக் கல் இயந்திரத்தில் அரைத்து, எண்ணெயில் மொறுமொறுவென்று சுட்டுத் தருகிறார்கள். கிட்டத்தட்ட நம் அடை. பக்கத்தில் துணிக்கடைகள். பட்டுத் துணியை இவர் விரலால் தடவிப் பார்க்க, கடைக்கார அம்மா சிரித்துக்கொண்டே அடுத்த சுருளை எடுத்துப் போட்டார்.

மறுபடி ஓடைக்கு வந்து கொஞ்ச தூரம் போனதும் ஒரு பாலத்தின்மேல் சிலை. இடுப்புக்கு மேலே மட்டும். தரையைப் பிளந்து எழுந்து வருகிற மாதிரி ஓர் இளைஞன். ஜொன் தே-இல் என்று பெயர். போனில் தேடிப் படித்தேன். எதிரே இருக்கும் பியொங்ஹ்வா சந்தையின் தையல் கூடங்களில் வேலை பார்த்தவர். என்ன வேலை என்று இவர் கேட்டார். "கட்டிங் மாஸ்டருங்க" என்றேன்.

அதற்குப் பிறகு இவர் நகரவில்லை. ஒவ்வொரு வரியாக வாசிக்கச் சொன்னார்.

ஒரு மாடியின் உயரத்தை நடுவில் தட்டுப் போட்டு இரண்டாக்கிய அறைகள். நிமிர்ந்து நிற்க முடியாது. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண்பிள்ளைகள் ஒரு நாளைக்குப் பதினான்கு மணி நேரம் துணித்தூசிக்குள் இருந்தார்கள். தையல்காரருக்கு எடுத்துக்கொடுக்கும் அந்தப் பிள்ளைகளை நம் ஊரில் கைமடி என்போம். பஸ் காசில் அவர்களுக்குத் தின்பண்டம் வாங்கிக் கொடுத்துவிட்டு, ஜொன் வீட்டுக்கு நடந்தே போயிருக்கிறார். வேலை நேரத்துக்கு வரம்பு வைத்த சட்டம் 1953இலேயே வந்துவிட்டது என்பது பிறகுதான் அவருக்குத் தெரிகிறது. சீன எழுத்துகள் மண்டிய அந்தச் சட்டப் புத்தகத்தைத் தட்டுத்தடுமாறிப் படித்தார். தொழிலாளர்களிடம் விவரம் திரட்டி அதிகாரிகளிடம் மனுக் கொடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. 1970 நவம்பர் 13 அன்று, சந்தைக்கு முன்னால் தன் உடம்பில் தீ வைத்துக்கொண்டு, சட்டத்தைக் கடைப்பிடியுங்கள், நாங்கள் இயந்திரங்கள் அல்ல என்று கூவினார். அன்று இரவே உயிர் போய்விட்டது. வயது 22.

அந்த மாதமே அங்கே தையல் தொழிலாளர் சங்கம் உருவானது. 2011இல் கண்மூடும் வரை அவருடைய தாய் தொழிலாளர்களுக்காகவே நின்றார்.

"கைமடியாத்தான் நானும் கம்பெனிக்குப் போனேன். பன்னெண்டு வயசு" என்றார் இவர். அது எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளைகள் யாரிடமும் அவர் சொன்னதில்லை. அன்று இரவு போனில் மகனிடம் சொன்னார்.

ஓடையைத் தோண்டி எடுத்ததற்காக அந்த நகரத்தை உலகமே பாராட்டுகிறது. ஓடையைத் திறந்த அதே ஆண்டு அதன்மேல் இந்தச் சிலையையும் வைத்தார்களே, என் கணக்கில் அதுதான் பெரிது. அரண்மனைக்கு நாங்கள் போகவே இல்லை. சியோலுக்குப் போகும் நம் ஊர்க்காரர்களே, துணி வாங்கப் போனாலும் ஆர்டர் பிடிக்கப் போனாலும், அந்தப் பாலத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாருங்கள்.