டம்ளர் கணக்கும் தராசுக் கணக்கும்

ரமலான் கடைசி நாட்களில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் கடைத்தெருக்களில் வியாபாரம் செய்யும் நம் அனைவருக்கும் பழகிப்போன பேச்சு இது: "பாய், ஷீர் குர்மாவுக்கு ஒரு டம்ளர் கிஸ்மிஸ், முக்கால் டம்ளர் முந்திரி போடுங்க." ஆற்காடு மக்கன் பேடா செய்யும் மிட்டாய்க் கடைக்காரர் கிலோவில் கேட்பார். வீட்டுக்கு வாங்குபவரோ டம்ளரில்தான் கேட்பார். நம்மிடம் இருப்பது தராசு.

இந்த இடத்தில் நம்மில் பலர் ஒரு தவறு செய்கிறோம். 200 மில்லி டம்ளர் என்றால் 200 கிராம் என்று நிறுத்துக் கொடுத்துவிடுகிறோம். தண்ணீருக்குத்தான் அந்தக் கணக்கு பொருந்தும். உலர்பழத்தில் பழத்துக்கும் பழத்துக்கும் நடுவே காற்று நிற்கிறது. ஆகவே அதே டம்ளரில் கிஸ்மிஸ் சுமார் 120 கிராம்தான் பிடிக்கும். பத்து டம்ளர் கேட்டவருக்கு 2 கிலோ கொடுத்தால் 800 கிராம் அதிகம். அன்றைக்கு நமக்குக் கல்லா நிறையலாம். ஆனால் ஷூ கம்பெனிச் சம்பளத்தில் பெருநாள் சாமான் வாங்கிய குடும்பம், மீந்து கிடக்கும் பழத்தைப் பார்த்து, அடுத்த முறை வேறு கடைக்குப் போய்விடும்.

200 மில்லி டம்ளரைத் தலைதட்டி நிரப்பினால் தோராயமாகக் கிடைக்கும் எடை இது:

கிஸ்மிஸ் (உதிரியாக) – 120 கிராம்
கிஸ்மிஸ் (அமுக்கி) – 140 கிராம்
கொட்டை நீக்கி நறுக்கிய பேரீச்சை – 125 கிராம்
முழு பாதாம் – 120 கிராம்
முந்திரி – 115 கிராம்
ஓடு நீக்கிய பிஸ்தா – 105 கிராம்
அக்ரூட் பருப்பு (பாதிப் பாதியாக) – 85 கிராம்

சரக்குக்குச் சரக்கு இது சற்று மாறும். பிசுபிசுப்பான கிஸ்மிஸ் ஒட்டிக்கொண்டு நெருங்கி உட்காரும். பெரிய பருப்பைவிட நறுக்கிய துண்டு இடைவெளியை நன்றாக அடைக்கும். மழைக்காலத்தில் ஈரம் ஏறும். அக்னி நட்சத்திர வெயிலில் காய்ந்து எடை குறையும். எனவே நம் கடைச் சரக்குக்கு நாமே கணக்கு எடுப்பது நல்லது.

வழி சுலபம். வெறும் டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். தண்ணீர் நிரப்புங்கள். எத்தனை கிராம் காட்டுகிறதோ, டம்ளர் அத்தனை மில்லி. பிறகு நன்றாகத் துடைத்து, உலர்பழத்தை அமுக்காமல் நிரப்பித் தலைதட்டி நிறுங்கள். மூன்று முறை நிறுத்துச் சராசரி எடுத்து, ஓர் அட்டையில் எழுதித் தராசுக்கு அருகில் தொங்கவிடுங்கள். சமையல் குறிப்பைப் பார்த்து 'கப்' என்று கேட்பவரிடம் அது எத்தனை மில்லி என்று கேளுங்கள். 250 மில்லி கப் என்றால் கிஸ்மிஸ் 150 கிராம். பேரீச்சை என்றால் கொட்டையோடா, கொட்டை நீக்கியதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

டம்ளரிலேயே அளந்து விற்றுவிடலாமே என்று தோன்றலாம். அது கூடாது. நம் முன்னோர் அரிசியைப் படியிலும், புளி வெல்லத்தை வீசை பலத்திலும் விற்றார்கள். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடெங்கும் மெட்ரிக் அளவு வந்தது. இன்று நடைமுறையில் இருப்பது 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம். திடப்பொருளைப் பொட்டலம் கட்டி விற்றால் நிகர எடையைக் கிராமிலோ கிலோவிலோ குறிக்க வேண்டும். அட்டைப்பெட்டியின் எடை அதில் சேரக்கூடாது. தராசின் முத்திரை காலாவதியாகாமல் பார்த்துக்கொள்வதும் நம் கடமை. தமிழ்நாட்டில் இதைக் கண்காணிப்பது தொழிலாளர் துறை.

ஆகவே கேட்பது டம்ளரில் இருக்கட்டும். கொடுப்பது தராசில் இருக்கட்டும். "ஒரு டம்ளருக்கு 120 கிராம் போதும்மா" என்று நாமே சொல்லிவிட்டால் விற்பனை அன்று சற்றுக் குறையும். ஆனால் அந்த அம்மா அடுத்த பெருநாளுக்கும் நம் கடைக்கே வருவார். பக்கத்து வீட்டாரையும் அழைத்து வருவார்.